அமில மழைப் பாடத்தை மண்ணிலிருந்து தொடங்குங்கள்

அறிவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் வகுப்பில் வேதியியல் நடத்துகிறவன். நீங்கள் எழுதும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடா வருடம் அமில மழைப் பாடத்தை எடுக்கிறேன். இரண்டு பக்கம், ஒரு படம். படத்தின் இடது ஓரத்தில் புகைபோக்கி, நடுவில் கறுத்த மேகம், வலது ஓரத்தில் பட்டுப்போன மரம், செத்து மிதக்கும் மீன், மூக்கு கரைந்த சிலை. படத்துக்குக் கீழே காரணங்கள் நான்கு, விளைவுகள் ஐந்து, தடுக்கும் வழிகள் ஆறு. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அமில மழை என்ன செய்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

அது தெரியவந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகர் ஊற்றி, அதில் ஒரு கோழி முட்டையை இறக்கி வைப்பேன். போட்ட உடனே ஓடு முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி கட்டும். முட்டை தானாக மெல்லப் புரளும். மறுநாள் மேலே நுரை படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் ஓடு மாவு மாதிரி வழித்துக்கொண்டு வரும். அதற்கும் மறுநாள் ஓடே இருக்காது. உள்ளே மஞ்சள் கரு நிழலாகத் தெரிய, அமுக்கினால் அமுங்கும் ஒரு ரப்பர் பந்துதான் மிஞ்சும். அதைக் கையில் வாங்கிப் பார்க்கப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

ஒரு வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அமில மழை பெய்தால் குருவி முட்டையும் இப்படித்தான் ஆகுமா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "வினிகரின் பிஎச் இரண்டரை. மழை அந்த அளவுக்குப் புளிக்காதும்மா. போதாததற்கு, தாய்க்குருவி மேலே உட்கார்ந்திருக்கும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது" என்றேன். பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். புத்தகப்படி சரியான பதில்தான்.

பல மாதம் கழித்துத்தான், நெதர்லாந்தின் காடுகளில் 1980-களில் நடந்ததைப் பற்றிப் படித்தேன். அங்கே பட்டாணிக்குருவிகள் மெல்லிய ஓட்டோடு, ஓட்டை ஓட்டையாக, சில சமயம் ஓடே இல்லாமல் முட்டையிட ஆரம்பித்தன. அந்தக் குருவி மரப்பொந்திலும் ஆட்கள் மாட்டிவைக்கும் மரப்பெட்டியிலும் கூடு கட்டுவது. முட்டை மேல் ஒரு மழைத்துளி படவும் வழியில்லை. காரணம் தேடிய ஆய்வாளர்கள் கடைசியில் போய் நின்ற இடம் நத்தை. முட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் புழு பூச்சியிலும் விதையிலும் போதிய அளவு கிடையாது. முட்டையிடும் நாட்களில் பெண்குருவி நத்தை ஓட்டைத் தேடித் தின்று அந்தக் குறையை ஈடுகட்டும். ஆனால் அந்தக் காட்டில் நத்தைகள் அருகிவிட்டிருந்தன. நத்தைக்கும் ஓடு கட்டக் கால்சியம் வேண்டுமே! அது மண்ணிலிருந்து, சருகிலிருந்து வர வேண்டும். பல பத்தாண்டுகளாகப் பெய்த அமில மழை அந்த ஏழை மணல்மண்ணிலிருந்து கால்சியத்தை அரித்துக்கொண்டு போயிருந்தது. சந்தேகம் தீரட்டும் என்று நத்தை ஓட்டுத் துண்டுகளையும் கோழிமுட்டை ஓட்டுத் துண்டுகளையும் குருவிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். குருவிகள் தின்றன, முட்டையும் சரியாகிவிட்டது.

ஆக, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை 'ஆமாம்' என்பதுதான். மழை முட்டை ஓட்டைக் கரைக்கவில்லை, ஓடு உருவாகவே விடவில்லை. என் பதிலும் உங்கள் புத்தகமும் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் இது எங்கள் கண்ணில் படவில்லை. இந்த மடலில் நான் கேட்கப்போவது இது ஒன்றுதான்: பாடத்தை மழையோடு நிறுத்தாதீர்கள், மண்ணுக்குள் இறங்கி எழுதுங்கள்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது? களிமண் துகள்களும் மட்கிய சருகும் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றைத் தங்கள் மேல் லேசாகப் பிடித்து வைத்திருக்கும். வேர் உறிஞ்சுவது அங்கிருந்துதான். அமில மழையோடு வரும் ஹைட்ரஜன் அயனி (புளிப்பைத் தருவது இதுதான்) அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கால்சியத்தைத் தள்ளிவிடும். கூடவே வந்த சல்பேட் (கந்தக அமிலத்தின் மறுபாதி), தள்ளப்பட்ட கால்சியத்தைக் கைப்பிடித்து ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆரம்பத்தில் வெளியே ஒன்றுமே தெரியாது. மழை புளிப்பாக இருந்தாலும் ஓடை நீர் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் மண் தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருக்கும். ஆனால் குந்தித் தின்றால் குன்றும் மாளும். கால்சியம் தீர்ந்துவரும் இடத்தில் அடுத்து அவிழ்வது அலுமினியம்.

உங்கள் படத்தில் செத்து மிதக்கும் மீனைக் கொன்றதில் பெரும்பங்கு இந்த அலுமினியத்துக்குத்தான். மண்ணில் ஏராளமாகக் கிடக்கும் உலோகம் இது. சாதாரணமாகக் கரையாமல் சும்மா இருக்கும். நீரின் பிஎச் ஐந்தரைக்குக் கீழே இறங்கும்போது கரைந்து வெளியே வந்து, மீனின் செவுளில் படியும். செவுள் சளி கட்டி மூச்சு முட்டும், உடம்பிலிருக்கும் உப்பும் செவுள் வழியாகவே ஒழுகிப் போகும். பிஎச் ஐந்துக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களின் முட்டை பொரிக்காது. பனி விழும் நாடுகளில் இன்னொரு கொடுமை உண்டு. குளிர்காலம் முழுவதும் பனியில் சேர்ந்துகிடந்த அமிலம் வசந்தத்தில் பனி உருகும்போது ஒரே மூச்சில் ஓடைக்கு வரும். மீன்குஞ்சுகள் கண் திறக்கும் பருவமும் பல இடங்களில் அதுவே.

ஆனால் மீன் செத்து மிதப்பது கடைசிக் காட்சி. அதற்கு முன்னால் நடப்பதை அறிய ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு முழு ஏரியையே சோதனைக்குழாய் ஆக்கினார்கள். ஏரிக்குப் பெயர்கூடக் கிடையாது, எண் 223. 1976-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலம் ஊற்றி, 6.8 ஆக இருந்த பிஎச்சை சில ஆண்டுகளில் 5.0 வரை இறக்கினார்கள். ஆறுக்குச் சற்றுக் கீழே வந்தபோதே ஒரு வகைச் சிறு இறாலும் ஒரு வகைப் பொடிமீனும் காணாமல் போயின. ஏரியின் பெரிய மீனான டிரவுட் மட்டும் சாகவில்லை. தலை பெரிதாக, உடம்பு வற்றி, பாம்பு மாதிரி மெலிந்து நீந்திக்கொண்டிருந்தது. அதை அமிலம் நேரடியாகத் தொடவில்லை, அதன் சாப்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டது. தவளைக்கும் இதே கதைதான். தவளை பிஎச் நான்கு வரை தாங்கும். அது தின்னும் மேஃப்ளை என்ற பூச்சி ஐந்தரைக்குக் கீழே தாங்காது. "அமில மழையால் மீன்கள் இறக்கின்றன" என்று ஒரு வரி எழுதுகிறீர்களே, அந்த இடத்தில் இந்த மெலிந்த டிரவுட்டின் படத்தைப் போடுங்கள். உணவுச் சங்கிலிப் பாடத்தைத் தனியாக நடத்தவே வேண்டாம்.

இப்படி ஆகிப்போன ஏரியைப் போய்ப் பார்த்தால் அழகாக இருக்கும் என்பதையும் எழுதுங்கள். பாசி, நுண்ணுயிர் எல்லாம் குறைந்து தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்து, அடி தெரியும். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று நினைக்கும் பிள்ளைக்கு அது தெரிய வேண்டாமா?

பாடத்தில் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். மாசில்லாத மழையே கொஞ்சம் அமிலம்தான். காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து அதன் பிஎச் 5.6 அளவில் இருக்கும். அமில மழை என்று பேர் வாங்கிய மழை பெரும்பாலும் நான்கு சொச்சம், அதாவது கிட்டத்தட்டத் தக்காளிச் சாறு. நனைந்தால் தோல் வெந்துபோகாது. புத்தகத்திலிருக்கும் படத்தைப் பார்த்துப் பயந்து "குடை ஓட்டையாகுமா?" என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. பிஎச் அளவு ஒவ்வொரு படி இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும் என்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தப் பத்து மடங்கு அமிலம் கைக்குச் சுடாது, ஆனால் முப்பது வருடம் பெய்தால் ஒரு காட்டின் மண்ணைக் காலி பண்ணிவிடும் என்று சொன்னால் பிள்ளைக்குப் பயமும் போகும், விஷயமும் புரியும்.

ஒரே மழை ஓரிடத்தில் ஏரியைக் கொல்கிறது, இன்னோர் இடத்தில் ஒன்றுமே செய்வதில்லை. ஏன் என்று உங்கள் புத்தகம் கேட்பதே இல்லை. சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கும் மண்ணுக்கு இருப்பு கிட்டத்தட்டத் தீராது. கிரானைட் பாறை மேல் ஒரு சாண் மண் மட்டும் இருக்கும் இடம் சீக்கிரமே கையை விரித்துவிடும். தெற்கு நார்வேயும் ஸ்வீடனும் அடிபட்டது இதனால்தான். தெற்கு நார்வேயின் பல ஆறுகளில் சால்மன் அற்றே போனது. வட சீனாவிலும் வட இந்தியாவிலும் காற்றில் பறக்கும் சுண்ணாம்புப் புழுதி அமிலத்தில் ஒரு பகுதியை வானத்திலேயே அடித்துவிடுகிறது. புழுதிக்கும் ஒரு நல்ல பேர் கிடைக்கிற இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சரி, காரணங்களுக்கு வருகிறேன். "தொழிற்சாலைப் புகை, வாகனப் புகை" என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். தப்பில்லை. ஆனால் கந்தகமும் நைட்ரஜனும் வரும் வழிகள் வேறு வேறு; அதைச் சொல்லாமல் விட்டால் தீர்வும் புரியாது. நிலக்கரியிலும் எண்ணெயிலும் கந்தகம் உள்ளேயே இருக்கிறது. செம்பு, நிக்கல் தாதுக்களில் உலோகம் கந்தகத்தோடுதான் கட்டிக்கிடக்கிறது; உருக்கினால் கந்தகம் வாயுவாகக் கிளம்பும். நைட்ரஜன் பெரும்பாலும் எரிபொருளிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்தே வருகிறது. எஞ்சினுக்குள்ளும் கொதிகலனுக்குள்ளும் இருக்கும் கடுஞ்சூட்டில், சாதாரணமாக ஒன்றையொன்று சட்டை செய்யாத நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துவிடுகின்றன. எரிபொருளில் கந்தகத்தை எடுத்துவிட்டால் ஒரு பாதி தீரும், மறுபாதிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். எரிமலையும் மின்னலும் கடலும்கூடக் கொஞ்சம் கொடுக்கின்றன. அவை ஆதியிலிருந்து கொடுப்பவை.

இந்த வாயுக்கள் வெளியே வந்ததும் அமிலமாகிவிடுவதில்லை. கந்தக டை ஆக்சைடு காற்றில் மிதந்து, மேகத் துளிக்குள் புகுந்து, அங்கிருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓசோன் கையில் சிக்கிக் கந்தக அமிலமாவதற்கு மணிக்கணக்கிலிருந்து நாள் கணக்கு வரை ஆகும். அதற்குள் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். எல்லாமே மழையாக வருவதும் இல்லை. ஒரு பங்கு மூடுபனியாக, ஒரு பங்கு வெறும் தூசியாகவும் வாயுவாகவும் இலை மேலும் சுவர் மேலும் வந்து படிகிறது. 'அமில மழை' என்ற பெயரே பாதி உண்மைதான்.

பெயர் வைத்தவரைப் பற்றி ஒரு வரி. ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் மான்செஸ்டர் நகரத்து மழையை அளந்து, நிலக்கரிப் புகைக்கும் அதன் புளிப்புக்கும் இருந்த தொடர்பை 1852-லேயே எழுதினார். அப்புறம் ஒரு நூறு வருடத்துக்கு மேல் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. நடுவில் நாம் செய்த ஒரு காரியம்தான் எல்லாவற்றையும் மோசமாக்கியது. ஊருக்குள் புகை மண்டி ஆட்கள் செத்தபோது, புகைபோக்கியை உயர்த்திக் கட்டினோம். கனடாவின் சட்பரியில் நிக்கல் உருக்காலைக்கு 1972-ல் எழுப்பிய புகைபோக்கி 381 மீட்டர். உள்ளூரில் காற்று சட்டென்று தேறியது. புகை எங்கே போயிற்று? காற்று வீசிய திக்கில், தொலைவிலிருந்த ஏரிகள் மேல். உங்கள் படத்தில் புகைபோக்கியும் செத்த மீனும் ஒரே பக்கத்தில், ஒரு ஜாண் இடைவெளியில் இருக்கின்றன. நடுவில் ஒரு நாட்டு எல்லையையாவது வரைந்துவிடுங்கள். 1967-ல் ஸ்வீடன் மண்ணியலாளர் ஸ்வான்டே ஓடன் பத்திரிகையில் எழுதிக் கிளப்பியது இந்த வழக்கைத்தான்: எங்கள் ஏரியைக் கெடுப்பது எங்கள் புகை இல்லை. 1979-ல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசுக்கான உடன்படிக்கை கையெழுத்தானது அதன் தொடர்ச்சி.

சிலைகள் பற்றி உங்கள் புத்தகத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் சரி. பளிங்கு கால்சியம் கார்பனேட். கந்தகம் அதை ஜிப்சமாக மாற்றும். மழை படும் இடத்தில் ஜிப்சம் கரைந்து வழியும், படாத இடத்தில் கரியோடு சேர்ந்து கறுப்புப் பொருக்காகக் கட்டும். தாஜ்மஹால் மஞ்சளாவதை மட்டும் முழுக்க அமில மழை தலையில் கட்டாதீர்கள். அந்த நிறமாற்றத்தில் பெரும்பங்கு காற்றில் வந்து படியும் கரித்துகளுக்கும் தூசிக்கும் உண்டு என்று 2015-ல் வந்த ஆய்வு காட்டியது.

இப்போது 'தடுக்கும் வழிகள்'. ஆறில் ஒன்றாக "மரம் நடுதல்" என்று போட்டிருக்கிறீர்கள். அடிபட்டவனையே காவலுக்கு நிறுத்துகிறீர்களே! உருப்படியாக வேலை செய்த வழி ஒன்று உண்டு. அதை "புகையைச் சுத்திகரித்தல்" என்று இரண்டு சொல்லில் கடந்துவிட்டீர்கள். அனல்மின் நிலையத்தில் புகை வெளியே போகும் முன் சுண்ணாம்புக்கல் குழம்பை அதன் மேல் பீய்ச்சுகிறார்கள். கந்தக டை ஆக்சைடு அதில் சிக்கி ஜிப்சமாகிறது. சிலையின் மூக்கில் நடந்த அதே வினை! சிலையைத் தின்பதற்குப் பதிலாக இங்கே சாதாரணச் சுண்ணாம்புக்கல்லைத் தின்னக் கொடுக்கிறோம், கிடைக்கும் ஜிப்சம் சுவர்ப்பலகை செய்யப் போகிறது. ஒரே சமன்பாட்டை இரண்டு இடத்தில் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு எந்தப் பாடத்தில் கிடைக்கும்? சட்டம் போட்ட பிறகுதான் இது பரவலானது என்பதையும் சேருங்கள். அமெரிக்கா 1990-ல் கந்தகப் புகைக்கு உச்சவரம்பு வைத்தது. அங்கே மின் நிலையங்களிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு இன்று அன்றைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சீனா 2000-களின் பிற்பாதியிலிருந்து கடுமையாகக் குறைத்தது. கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்தது 2020-ல் 0.5 ஆனது. சட்பரியின் அந்த ராட்சதப் புகைபோக்கியும் 2020-ல் ஓய்ந்தது.

அப்படியென்றால் கதை முடிந்ததா? புத்தகத்தைப் படித்தால் அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் புத்தகத்தில் மண் இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற காட்டில் சூழலியலாளர் ஜீன் லைக்கன்ஸ் குழுவினர் 1963-லிருந்து மழையையும் ஓடையையும் அளந்துவருகிறார்கள். மழையின் அமிலம் குறைந்த பிறகும் ஓடை எதிர்பார்த்த வேகத்தில் தேறவில்லை. ஏன் என்று பார்த்து 1996-ல் எழுதினார்கள்: மண்ணிலிருந்து கால்சியமும் மக்னீசியமும் பெருமளவு போய்விட்டன, பாறை சிதைந்து அதை நிரப்பப் பல பத்தாண்டுகள் ஆகும். பிறகு 1999-ல் ஹெலிகாப்டரில் ஏறி, ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க வோலாஸ்டோனைட் என்ற கால்சியம் கனிமத்தை உருண்டைகளாகத் தூவினார்கள். அந்தப் பகுதியில் மட்டும் மேப்பிள் மரங்கள் தேறின. காட்டுக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்த மாதிரி. ஒன்டாரியோவின் சில ஏரிகளிலோ, நீர் நடுநிலைக்குத் திரும்பிய பிறகும் கால்சியம் திரும்பவில்லை. ஓட்டுக்குக் கால்சியம் தேவைப்படும் டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சி குறைந்து, அதன் இடத்தை ஜெல்லி போர்த்திய வேறொரு நீர்ப்பூச்சி பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் பாக்கி. உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் கிளம்பும் அம்மோனியா ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிர். அது மழையின் புளிப்பைக் குறைத்துக் காட்டும். மண்ணில் இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்கும்போது அமிலம் வெளியேறும். மழைமானியில் நல்ல பிள்ளை, மண்ணில் வேறு முகம். மழையின் பிஎச்சை மட்டும் அளக்கச் சொல்லும் செய்முறை இதைக் காட்டாது.

நீங்கள் அடுத்த பதிப்புக்குத் திருத்தும்போது பக்கம் கூட்ட வேண்டியதில்லை. அந்தப் படத்தை எடுத்துவிட்டு நத்தை, குருவி, முட்டை மூன்றையும் வரையுங்கள். பட்டியல்கள் மூன்றையும் எடுத்துவிட்டால் மண்ணுக்கும் ஏரிக்கும் இடம் தாராளமாகக் கிடைக்கும். கடைசியில் "அமில மழையின் விளைவுகள் ஐந்தினை எழுதுக" என்ற கேள்வியை அடித்துவிட்டு அந்த மாணவியின் கேள்வியிலிருந்து பிறந்த இதைப் போடுங்கள்: மரப்பெட்டிக்குள் இருக்கும் முட்டை மேல் மழை படவே இல்லை, ஆனாலும் ஓடு மெலிந்தது. எப்படி?

விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சிட வேண்டாம். வகுப்பில் வினிகரில் முட்டை ஊறிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நாள் அவர்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்